நான்கு ரேம்களையும் சேர்த்துப் போட்டால் திரை வரவில்லை, அவசர உதவி தேவை

வடபழனிவாசி:
வணக்கம். நானே உதிரிகள் வாங்கிப் பூட்டிய கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. வீடியோ எடிட்டிங்குக்கு அது போதாததால், நேற்று ரிச்சி தெருவில் இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டேன். மின்விசிறிகள் சுற்றுகின்றன, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. புதியதைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. இரண்டும் டிடிஆர்4 என்ற ஒரே தலைமுறை ரேம்தான். திங்களன்று ஒரு திருமண வீடியோவை முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

நெய்வேலிக்காரன்:
எந்த மதர்போர்டு, எந்தப் பிராசஸர், பழையதும் புதியதும் என்ன வேகம், ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி? டிடிஆர்4 என்பது ஊர்ப் பெயர் மட்டுமே; தெருவும் கதவு எண்ணும் தெரிந்தால்தான் வீட்டைத் தேட முடியும்.

சாலிடர்புகை:
தங்கப்பூச்சு முனைகளைப் பள்ளிக்கூட அழிப்பானால் மெல்லத் தேய்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் ரேம் கோளாறுகளில் பாதி அழுக்குதான்.

பழையபயாஸ்:
நேற்று வாங்கிய ரேமில் அழுக்கா? போகட்டும். ஒவ்வொரு மதர்போர்டுக்கும் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலைத் தயாரிப்பாளரே தம் தளத்தில் வைத்திருக்கிறார். பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும் என்று இங்கே பலமுறை எழுதிவிட்டேன்; வாங்கிய பிறகு வந்து கேட்பதே வழக்கமாகிவிட்டது.

வடபழனிவாசி:
ரைசன் 5 3600, பி450 போர்டு. பழையது 8 ஜிபி இரண்டு, வேகம் 3200, சிஎல்16 (கேட்ட தரவைத் தரக் காத்திருக்கும் சுற்று 16). புதியது 8 ஜிபி இரண்டு, 3600 சிஎல்18. எக்ஸ்எம்பி முதலிலிருந்தே போட்டிருக்கிறேன், அதைச் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை.

இரவுப்பறவை:
சொல்ல வேண்டியதே அதுதான். இந்தப் பிராசஸருக்கு அதன் தயாரிப்பாளரான ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ரேம்கள் என்றால் 3200. நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால், சிங்கிள் ரேங்க் (ஒரு சிப் தொகுதி உள்ள) ரேம்களுக்கு 2933, டூயல் ரேங்க் (இரு தொகுதி உள்ள) ரேம்களுக்கு 2667 மட்டுமே. எக்ஸ்எம்பி என்பது ரேமுக்குள் எழுதி வைத்த ஓவர்கிளாக் அளவு, அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டுவதற்கான அமைப்பு. ஒரு ஜோடிக்காக எழுதியதை இன்னொரு ஜோடியும் தாங்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை. ஆகவே பழைய ஜோடியோடு பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு ஜோடியை இரண்டாம், நான்காம் ஸ்லாட்டிலும் மற்றதை ஒன்று, மூன்றிலும் போடுங்கள். முதல் முறை போர்டு ரேமைப் பழகிக்கொள்ள ஓரிரு நிமிடங்கள் எடுக்கலாம், பதறி அணைத்துவிடாதீர்கள். திரை வந்த பிறகு வேகத்தை 2933, மின்னழுத்தத்தை 1.35 வோல்ட் என்று நீங்களே கொடுத்து, ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்.

சாலிடர்புகை:
3600 வேகமான ரேம் ஆயிற்றே, அதை 2933-க்கு இறக்குவதைவிடப் பழையதை விற்றுவிடலாமே?

பழையபயாஸ்:
விற்றால் மறுபடியும் 16 ஜிபி தானே. மேலும் 3600 என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மில்லியன் பரிமாற்றம் என்ற கணக்கு; ஒரு சுற்றுக்கு இரண்டு பரிமாற்றம் என்பதால் உண்மையான கடிகாரம் 1800 மெகாஹெர்ட்ஸ். பதினெட்டு சுற்று காத்திருந்தால் 10 நானோ விநாடி. 3200 சிஎல்16-க்கும் அதே 10 தான். காத்திருக்கும் நேரத்தில் துளியும் வேறுபாடு இல்லை.

சாலிடர்புகை:
காத்திருப்பு ஒன்றாக இருக்கலாம், ஒரு விநாடிக்குக் கடத்தும் தரவின் அளவு கூடுகிறதல்லவா? எடிட்டிங்குக்கு அதுதானே பயன்படும்?

நெய்வேலிக்காரன்:
அவருக்கு இப்போது வேண்டியது கொள்ளளவு. கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் நான்கையும் கொடுத்துவிட்டு, 16 ஜிபி இரண்டு அடங்கிய ஒரே பெட்டியாக வாங்குவதே நிம்மதி. ஒரே மாடல் எண்ணுள்ள ரேமிலும் உள்ளே சிப் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வடபழனிவாசி:
2933-இல் நான்கும் ஓடுகின்றன. மெம்டெஸ்ட் ஒரு சுற்று பிழையின்றி முடிந்தது. நன்றி, வேலை கிடக்கிறது.

பழையபயாஸ்:
ஒரு சுற்று போதாது. இன்றிரவு நான்கு சுற்றும் ஓடட்டும், இல்லையென்றால் ஞாயிறு நள்ளிரவில் ரெண்டர் பாதியில் நிற்கும்.

சாலிடர்புகை:
அழிப்பானால் தேய்த்தீர்களா, இல்லையா என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.