மண்ணீரல் ஏன் மீசோடெர்ம்? மனப்பாடம் பண்ணாமல் புரிய வழி உண்டா?

வியாசர்பாடி_2கே:
நீட்டுக்குப் படிக்கிறேன். கருவில் முதலில் வெளிப்படை எக்டோடெர்ம், நடுப்படை மீசோடெர்ம், உள்படை எண்டோடெர்ம் என்று மூன்று செல் படைகள் இருக்கும், உறுப்புகள் எல்லாம் அவற்றிலிருந்துதான் வரும் என்பது தெரியும். கல்லீரல், கணையம், வயிற்றின் உள்படலம் எல்லாம் எண்டோடெர்ம், சரி. ஆனால் வயிற்றை ஒட்டிக்கொண்டே இருக்கும் மண்ணீரல் மட்டும் மீசோடெர்ம் என்று விடைத்தாளில் இருக்கிறது. டியூஷனில் கேட்டால் மனப்பாடம் பண்ணிக்கோ என்கிறார்கள். எலும்பு, தசை, ரத்தம், இதயம், சிறுநீரகம், விந்தகம் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது, எதை வைத்து நினைவில் நிறுத்துவது?

ராயபுரம்_அக்கா:
தம்பி, உறுப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்காதே, எங்கிருந்து முளைத்தது என்று பார். கல்லீரல், கணையம், நுரையீரல் மூன்றும் கருவின் குடல்குழாயிலிருந்து மொட்டு விட்டுக் கிளம்பியவை. அந்தக் குழாயின் உள்படலம் எண்டோடெர்ம், அதனால் அவற்றின் முக்கியமான செல்களும் எண்டோடெர்ம். மண்ணீரல் அப்படி மொட்டு விடவே இல்லை. வயிற்றை முதுகுப்பக்கச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் சவ்வு மடிப்புக்குள், மனிதக் கருவில் 5-வது வாரம் வாக்கில், மீசோடெர்ம் செல்கள் திரண்டு உருவாகிறது. அப்புறம் வயிறு திரும்பும்போது அதுவும் கூடவே இடது பக்கம் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

பழைய_வண்ணாரப்பேட்டை:
எங்கள் வீட்டில் கறிக்கடை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டுதான் விலங்கியல் டிகிரி முடித்தேன், சிரிக்காதீர்கள். உறுப்புக்கு ஒரு படை என்று பிரித்தால் மாட்டிக்கொள்வாய். போட்டியை, அதாவது ஆட்டுக்குடலை எடுத்துக்கொள், உள்ளே வழவழவென்று இருக்கும் மேற்பூச்சுதான் எண்டோடெர்ம், நாம் மெல்லுகிற தசைச்சுவர் மீசோடெர்ம். ஈரலில்கூட ரத்தக்குழாயும் நாரும் மீசோடெர்ம்தான். சுவரொட்டி, இருதயம், குண்டிக்காய் (சிறுநீரகம்) கிட்டத்தட்ட முழுசாகவே மீசோடெர்ம். மூளை எக்டோடெர்ம். தலைக்கறியில்தான் தகராறு, தாடையும் முக எலும்புகளும் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து (கருவில் நரம்புக்குழாய் உருவாகும்போது அதன் விளிம்பிலிருந்து பிரிந்து நகரும் செல்கள்) வருபவை, அதாவது எக்டோடெர்ம் வழி. எலும்பு என்றாலே மீசோடெர்ம் என்கிற கணக்கு அங்கே செல்லாது.

வியாசர்பாடி_2கே:
சுவரொட்டிதான் மண்ணீரலா! எங்கள் ஆயா ரத்தம் ஊறும் என்று வறுத்துக் கொடுக்கும். அப்போ சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி எந்தப் படை அண்ணா?

ராயபுரம்_அக்கா:
நானே சொல்கிறேன். வெளியே இருக்கும் புறணி மீசோடெர்ம், கார்டிசால் சுரப்பது அங்கே. உள்ளே இருக்கும் அகணி (மெடுல்லா) நரம்பு முகட்டிலிருந்து வந்தது, அட்ரினலின் சுரக்கும் அந்தச் செல்கள் நரம்புச் செல்களுக்குப் பங்காளி. மெடுல்லாவைத் தனியாகக் கேட்டால் குழம்பாதே.

காசிமேடு_கரை:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இங்கே வலையில் சிக்கும் சொறி மீனுக்கு (ஜெல்லிமீன்) நடுப்படையே கிடையாது, வெளிப்படைக்கும் உள்படைக்கும் இடையில் வெறும் மீசோகிளியா என்கிற கூழ்தான். 11-ம் வகுப்பில் ஈரடுக்கு உயிரி என்று படித்திருப்பாய். தட்டைப்புழுவுக்கு மீசோடெர்ம் உண்டு, உடற்குழி, அதாவது குடலுக்கும் உடல்சுவருக்கும் இடையிலான வெற்றிடம், இல்லை. மண்புழுவில் அதே மீசோடெர்ம் பிளந்துதான் உடற்குழி வருகிறது. உருளைப்புழுவில் மீசோடெர்ம் உடல்சுவர்ப் பக்கம் மட்டும்தான், குடலைச் சுற்றி இல்லை, அதனால்தான் அது போலி உடற்குழி.