சென்னை சேலஞ்சர் பட்டத்துக்கு ஏன் அவ்வளவு கொண்டாட்டம்?

கேள்வி: 2024 பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் இந்திய டென்னிஸ் வீரர் சுமித் நாகல் ஒற்றையர் பட்டம் வென்றபோது பெரிய செய்தியாகப் பேசினார்களே, அது ஆண்கள் டென்னிஸின் முதல்நிலைத் தொடரான ஏடிபி டூருக்கு அடுத்த கீழ்நிலைப் போட்டிதானே? அதில் ஜெயித்தால் அப்படி என்ன மாறிவிடும்?

பதில் 1: நிறைய மாறும். அது ஜெயித்தவருக்கு 100 தரவரிசைப் புள்ளி தரும் சேலஞ்சர். அந்தப் பட்டத்தோடு நாகல் முதல்முறையாக உலகின் முதல் 100 பேருக்குள் வந்து 98ஆம் இடம் பிடித்தார். கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளில் தகுதிச்சுற்று ஆடாமல் நேரடியாக நுழைய ஏறக்குறைய அந்த இடத்துக்குள் இருக்க வேண்டும்.

பதில் 2: எதிராளியையும் பாருங்கள். இறுதியில் 6-1, 6-4 என்று தோற்ற இத்தாலியின் லூகா நார்டி, அடுத்த மாதமே அமெரிக்காவின் இண்டியன் வெல்ஸ் போட்டியில் ஜோகோவிச்சை வீழ்த்தினார், அதனால் இரண்டாம் நிலை என்று லேசாக நினைக்காதீர்கள்!

பதில் 3: போட்டி முழுக்க நாகல் ஒரு செட்கூட விடாமல் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் நம்ம சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முதல் 100இல் இருந்தார், அப்புறம் நாகல் வரும்வரை ஒற்றையரில் வேறு இந்தியர் யாரும் இல்லை. ஊரில் இப்படிப் போட்டி நடந்தால்தான் நம் பையன்களுக்கு வைல்ட் கார்டாவது (தரவரிசை பார்க்காமல் தரும் நேரடி இடம்) கிடைக்கும், வெளிநாட்டுக்கு அலையும் செலவும் குறையும்.

கேள்வி கேட்டவர்: சரி, அடுத்த முறை ஸ்டேடியத்துக்கே வந்து பார்க்கிறேன்.