புதுப்பிப்பு: பெயர் தெரியாத எலும்புகளும் தன்னார்வலர்களும்

முந்தைய இழையில் 'டென்ட் கேர்ள்' வழக்கைச் சொல்லியிருந்தேன். 1968இல் அமெரிக்காவின் கென்டக்கியில் கித்தானில் சுற்றிக் கிடந்த பெண்ணின் சடலத்தை, தொழிற்சாலைத் தொழிலாளி டாட் மேத்யூஸ் இணையத்தில் தேடித் தேடி 1998இல் அடையாளம் கண்ட கதை. 'இதில் டிஎன்ஏ எங்கே?' என்று பலர் கேட்டிருந்தீர்கள். அங்கே அது கடைசியில் வந்தது, உறுதிசெய்ய மட்டும்.

இப்போது வரிசை தலைகீழ். பெயர் தெரியாத சடலங்களை அடையாளம் காண 2017இல் தொடங்கிய டிஎன்ஏ டோ புராஜெக்ட் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் டிஎன்ஏவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பழைய எலும்பில் பாக்டீரியாவின் டிஎன்ஏவே மண்டிக் கிடக்கும். அதைச் சலித்தெடுப்பது ஆய்வகத்தின் பாடு. தேறியதை, மக்கள் தங்கள் டிஎன்ஏ முடிவுகளை ஏற்றி உறவினரைத் தேடும் ஜெட்மேட்ச் போன்ற தளத்தில் ஏற்றினால் தூரத்து உறவினர்கள் தென்படுவார்கள். ஒருவரோடு சுமார் 70 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) பொருந்தினால், கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் தலைமுறையில் இருவருக்கும் பொது மூதாதையர் இருக்கலாம். அந்தத் தலைமுறையில் ஒருவருக்கு எட்டு மூதாதை ஜோடிகள்! எந்த ஜோடி என்று தெரியாமலே ஒவ்வொரு கிளையாக இறங்க வேண்டும். இங்கே துணைக்கு வருவது பழைய இரங்கல் குறிப்புகள்; மகள் பெயர், மருமகன் பெயர், குடியிருக்கும் ஊர் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு உறவினர்களின் குடும்ப மரங்கள் ஒரு கல்யாணத்தில் சந்தித்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

தத்துக் கொடுத்த பிள்ளை நடுவில் வந்தால் மரம் அங்கேயே அறுந்துவிடும். ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ போன்ற பெரிய டிஎன்ஏ பரிசோதனைத் தளங்களில் இந்தத் தேடலுக்கு வழியில்லை.

அப்புறம், குடும்பத்திடம் யார் சொல்வது என்ற கேள்வி. தன்னார்வலர்கள் அல்ல. அவர்கள் தருவது துப்பு மட்டும்; உறுதிசெய்து வீட்டுக் கதவைத் தட்டுவது அதிகாரிகள் வேலை.