எழுதிய கதையைப் படித்துக் காட்டியபோது என்ன நடந்தது?

கரிசல்காட்டான்:
என் முதல் கதை, ஒன்பது பக்கம். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டே கேட்டாள். பூக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண் எங்கேயோ இருக்கும், விரல் தானாக ஓடும். நான் விடியலை வர்ணித்தேன், கண்மாயை வர்ணித்தேன், கதாநாயகனின் மூக்கை வர்ணித்தேன். விரல் ஓடிக்கொண்டே இருந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு வரி: 'அப்பாவின் சட்டைப் பையில் இரண்டு பஸ் டிக்கெட் இருந்தது.' விரல் நின்றது. "ரெண்டா? யாரு கூடப் போனான்?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று என்று எழுத நினைத்து இரண்டு என்று எழுதிவிட்டேன், அவ்வளவுதான். மிச்சம் ஐந்து பக்கமும் வேறு எதைப் பற்றியோ போனது. அவள் நார் அறுந்துபோன மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷம் ஆகிறது. அந்த நின்ற விரல் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

உப்புக்காற்று:
எனக்கு நடந்தது தூத்துக்குடியில். கதையில் ஒருவன் விடிகாலையில் மீன்பிடிக்கப் போகிறான். 'பலமான காற்று வீசியது' என்று எழுதியிருந்தேன். மாமா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், அவரிடம் கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்தார். "எந்தக் காத்து? கச்சானா, கொண்டலா, வாடையா? அது தெரியாம ஒருத்தன் கட்டுமரத்தத் தள்ளுவானா?"

தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. அந்த இரண்டு பக்கத்தில்தான் அவன் அப்பா சாகிறார். மாமா அதைப் படிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பழைய பேனா:
கரிசல்காட்டான், வர்ணனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நானும் ஒரு காலத்தில் மழையை மூன்று பக்கம் எழுதி, ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த கதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன்தான். ஆனால் தப்பு மழையில் இல்லை. அந்த மழையில் நனைகிற ஆள் யாரும் இல்லை, அதுதான் தப்பு.

நம் அகப்பாட்டு மரபையே பாருங்கள். முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்த நிலத்து உயிர்களும் பொருள்களும்), உரி (மனித உணர்வு) என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது தொல்காப்பியம். முல்லை என்றால் கார்காலம், மாலை நேரம், காத்திருக்கிற ஒருத்தி. அவள் காத்திருப்பதால்தான் அந்த மாலைக்கு அவ்வளவு கனம். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னும் ஏரி வர்ணனையோடுதான் தொடங்குகிறது. அந்த வீரநாராயண ஏரியை ஆடிப்பெருக்கன்று குதிரைமேல் வரும் ஓர் இளைஞன் வியந்து பார்க்கிறான். அவன் யார், எங்கே போகிறான் என்று நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதனால் ஏரியையும் பார்த்துக்கொண்டே கூடப் போகிறோம்.

ஆகவே புதிதாக எழுதுகிறவர்கள் வர்ணனையை வெட்ட வேண்டாம். யார் கண்ணால் பார்க்கிறோம், அந்த ஆளுக்கு அப்போது என்ன வேண்டும் என்று ஒவ்வொரு பத்தியிலும் கேளுங்கள். கடன் கேட்க வந்தவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பீரோவைத்தான் பார்ப்பான். பசியோடு வந்தவனுக்கு அடுக்களைச் சத்தம் முதலில் கேட்கும். அப்புறம், எழுதியதை உடனே யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடம் தெரியும். உரையாடலில் 'என்று ஆவேசத்துடன் கூறினான்' போன்றவற்றை அடித்துவிடுங்கள். ஆவேசம் அவன் பேச்சிலேயே இருக்க வேண்டும்.

இரவுப்பணி:
ஐயா சொன்னது சரி, ஆனால் இங்கே யாரும் பாடம் கேட்கவில்லையே. என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு ஆறு வயது. தூங்கும் முன்னால் நானே கட்டிய கதை ஒன்று. குட்டி ஆட்டை ஓநாய் இழுத்துப் போகிறது. அவள் அழுதாள். நான் பயந்துபோய், "அதெல்லாம் கனவு, ஆடு முழிச்சுக்கிச்சு" என்று முடித்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் சும்மா அழுதேனாப்பா?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கதை கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. கடைசியில் அம்மாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பழைய பேனா:
பாடம் என்று நினைத்துச் சொல்லவில்லை தம்பி. எனக்கு யாராவது அப்போதே சொல்லியிருந்தால் பத்து வருஷம் மிச்சமாகியிருக்கும். உங்கள் மகள் கேட்டதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

உப்புக்காற்று:
கரிசல்காட்டான், எனக்கு அந்த டிக்கெட்தான் மண்டைக்குள் ஓடுகிறது. இரண்டும் ஒரே ஊருக்கா?

கரிசல்காட்டான்:
ஒரே ஊருக்குத்தான். நீங்கள் கேட்டதும் எழுதிப் பார்த்தேன். பழைய ஒன்பது பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்தே தொடங்கினேன். மகன் இரண்டையும் விரித்துப் பார்க்கிறான். ஒன்று முழு டிக்கெட். இன்னொன்று அரை டிக்கெட். அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை யாரும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். பெரியம்மா பூக் கட்டுகிற நேரமாகப் பார்த்துப் படிக்க வேண்டும்.