எண் வடிவப் புதிர்ப்பாதைத் தாள்கள் யாரிடமாவது இருக்கின்றனவா?

வணக்கம். என் மகளுக்கு நாலரை வயது. பென்சிலை இன்னும் முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கிறாள். 2-இன் வளைவிலும் 8-இன் திருப்பத்திலும் கோடு வெளியே ஓடிவிடுகிறது. புள்ளி எண்களின் மேல் எழுதச் சொன்னால் அழுகிறாள். ஆனால் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதுவாள். பல்லாங்குழியில் சோழிகளை ஒவ்வொன்றாக அழகாகப் போடுவாள்.

போன வாரம் 3 வடிவில் ஒரு பாதை வரைந்து, முயலைக் கேரட்டிடம் கூட்டிப்போகச் சொன்னேன். நான்கு முறை கேட்டு வாங்கிச் செய்தாள்!

0 முதல் 9 வரை, இரண்டு விரல் அகலத்தில் தொடங்கி மெல்லக் குறுகும் பாதைகள் வேண்டும். எண்ணை எழுதும் திசையிலேயே பாதையும் போவது முக்கியம். கீழிருந்து மேலே எழுதிப் பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. குட்டைக் கிரேயான் கொடுத்தால் விரல்நுனிப் பிடி வரும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.