காது கேளாத பேஸ்பால் வீரர் வில்லியம் ஹோய், சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியானவரா?

சென்டர்ஃபீல்ட்: மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் காது போனது. ஓஹையோவில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர், 1888-ல் வாஷிங்டன் அணிக்கு வந்த முதல் வருடமே 82 பேஸ் திருடி (அடுத்தவர் ஹிட்டுக்குக் காத்திருக்காமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) அமெரிக்காவின் நேஷனல் லீக்கில் முதலிடம். மொத்தம் 2,000-க்கு மேல் ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் சேர்வது). அம்பயர் கைச்சைகையே இவரால் வந்ததுதான். இன்னும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் இல்லை!

கணக்குப்பிள்ளை: அந்த 82-ஐ அப்படியே நம்பாதீர்கள். 1898-க்கு முன் விதி வேறு. அடுத்தவர் அடித்த ஹிட்டில் ரன்னர் ஒரு பேஸ் கூடுதலாக ஓடினாலே திருட்டுக் கணக்கில் எழுதுவார்கள். ஹோயின் பேட்டிங் சராசரி (பேட் பிடித்த முயற்சிகளில் ஹிட் ஆன பங்கு) .288. அவரைப் போலவே மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டர், அதே காலத்து பில்லி ஹாமில்டனுக்கு .344.

சென்டர்ஃபீல்ட்: ஹாமில்டனின் திருட்டுகளில் பெரும்பகுதியும் அதே பழைய விதியில் எண்ணியவைதானே? அவரை மட்டும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் விட்டார்களே.

கணக்குப்பிள்ளை: சரி, அது நியாயம். ஆனால் .344-க்கு என்ன பதில்? சைகைக் கதையும் இடிக்கிறது. வந்த பந்து ஸ்ட்ரைக்கா (பேட்டருக்கு எதிரான கணக்கு) பாலா (சரியாக எறியப்படாதது) என்று ஹோய்க்குக் கையைத் தூக்கிக் காட்டியது மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் அவர் அணியின் கோச். அம்பயர் இல்லை.

புதுசு: குறுக்கே வருகிறேன். அவரை ஏன் 'டம்மி' ஹோய் என்கிறார்கள்? டம்மி பீஸா?

சென்டர்ஃபீல்ட்: நம் ஊர் அர்த்தம் இல்லை. அன்றைக்கு அங்கே வாய் பேசாதவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நியூயார்க் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) டெய்லருக்கும் அதே பட்டப்பெயர், அவருக்கும் காது கேட்காது. 1902 மே மாதம் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள்.
@கணக்குப்பிள்ளை, பேட்டை மட்டும் பார்த்தால் எப்படி? 1889 ஜூன் 19-ல் ஒரே ஆட்டத்தில் அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்து மூன்று பேரை ஹோம் பிளேட்டில் (ரன் எடுக்க வந்து சேர வேண்டிய இடம்) அவுட்டாக்கினார். பந்து பேட்டில் படும் சத்தமே கேட்காதவர்!

கணக்குப்பிள்ளை: அபாரமான ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஒரு நாள் ஆட்டத்துக்கு ஹால் ஆஃப் ஃபேம் கொடுப்பார்களா? ஹோய் ஆடிய சின்சினாட்டி ரெட்ஸ் அணி தன் சொந்த ஹால் ஆஃப் ஃபேமில் 2003-ல் சேர்த்துவிட்டது. அது சரியான இடம்.

சென்டர்ஃபீல்ட்: 1961 உலகத் தொடரில் (பேஸ்பால் சாம்பியனை முடிவு செய்யும் தொடர்), 99 வயதில், அதே சின்சினாட்டியில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் கௌரவ முதல் பந்தை ஹோய் எறிந்தார். டிசம்பரில் இறந்துபோனார். உங்கள் ஹாமில்டனைக் கூப்பர்ஸ்டவுன் சேர்த்ததும் அதே 1961-ல்தான். அவர் இறந்து இருபது வருடம் கழித்து!

கணக்குப்பிள்ளை: அதற்கும் .344-தான் காரணம்.