டிஃப்யூசருக்குப் ‘பரப்புதிரை’

அனைவருக்கும் வணக்கம்.

படமெடுக்கும்போது விளக்குக்கும் ஆளுக்கும் நடுவே வைத்து நிழலை மென்மையாக்கும் வெள்ளைத் துணி அல்லது திரைதான் டிஃப்யூசர். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை ஒளிவிரவி, ஒளிச்சிதறி, மென்னொளித்திரை என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை.

விரவல், பள்ளியில் படித்த வாயு விரவல். ஊதுபத்தி மணம் அறையெங்கும் கலப்பதற்கு அது சரி, வெளிச்சம் துணியோடு கலப்பதில்லையே. சிதறல் உண்மையிலேயே துணிக்குள் நடப்பதுதான். ஆனால் படம் எடுப்பவருக்கு வேண்டியது நிழலின் விளிம்பு கரைவது.

போன வாரம் மொட்டைமாடியில் உச்சி வெயிலில் அம்மாவைப் படம் எடுத்தேன். மூக்கின் நிழல் மேலுதட்டில் மை தீட்டியதுபோல் விழுந்திருந்தது. எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து, தலைக்கு ஓர் அடி மேலே இருவர் விரித்துப் பிடித்தார்கள். நிழல் இருந்த இடமே தெரியவில்லை. அதே வேட்டியை ஏழெட்டு அடிக்கு உயர்த்திக் கட்டியதும், மூக்கடியில் கோடு மெல்லத் திரும்பி வந்தது. துணி அதே, சிதறலும் அதே. அம்மாவின் முகத்திலிருந்து பார்த்தால் துணி அடைக்கும் வானம்தான் சுருங்கிவிட்டது.

ஆக, இதன் வேலை சின்ன விளக்கைப் பெரிய விளக்காக்குவது. தமிழில் ‘பரப்பு’ என்றால் விரி என்றும் பொருள், பரப்பளவு என்றும் பொருள். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஒளிபரப்பி என்றால் தொலைக்காட்சி வந்து நிற்கும், அதனால் ஒளியை விட்டுவிட்டுப் ‘பரப்புதிரை’ என்போம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, நடுவில் ‘த்’ வேண்டாம். ஃப்ளாஷில் மாட்டும் வெள்ளைக் கிண்ணம் பரப்புமூடி (பக்கத்தில் சுவரோ கூரையோ இல்லாவிட்டால் அதனால் பெரிய பயன் இல்லை என்பது வேறு விஷயம்). ஒளியை ஊடே விடும் குடை பரப்புகுடை.

ஒளியைத் திருப்பி அனுப்புவதை இதோடு சேர்க்கக் கூடாது. 1956இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, கீழிருந்து விளக்கடித்தார். அங்கே பயன்பட்டது துணியைத் தாண்டிய ஒளி அல்ல, துணியில் பட்டுத் திரும்பிய ஒளி. அது எதிரொளிப்பு.

மென்னொளித்திரையில் உள்ள ‘மென்’ என்பதை லென்ஸுக்கு முன் மாட்டும் மிஸ்ட் ஃபில்டர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அவை விளக்கொளியைச் சுற்றிப் பூசினாற்போல் ஒரு மங்கலான ஒளிவட்டத்தைத் தரும், நிழலின் விளிம்பைக் கரைக்காது.

அப்புறம் ஃபில்டர். அதற்கு ‘வடிகட்டி’ நிலைத்துவிட்டது, நல்ல சொல். சிவப்பு வடிகட்டி சிவப்பை விட்டு மற்றதைத் தடுக்கிறது. லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருஞ்சாயக் கண்ணாடியான என்டி (நியூட்ரல் டென்சிட்டி) மட்டும் உறுத்துகிறது. அது எந்த நிறத்தையும் பிரிப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்கிறது. என்டி8 எட்டில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். அதனால் குற்றாலத்தில் 1/8 நொடியில் எடுக்கும் அருவியை 1 நொடிக்கு எடுக்கலாம், தண்ணீர் பஞ்சாக விழும். இதைத் ‘தணிகண்ணாடி’ என்று தனியே பிரிக்கலாமா, வடிகட்டிக் குடும்பத்திலேயே விடலாமா? பிரிப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.